நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

ஜனவரி 8, வியாழன்

தலைப்பு முடிவாகிவிட்டது. இனி மாற்றக் கேட்டு வரக்கூடாது என்று கைடு மேடம் கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். கடைசி செமஸ்டர் மல்டிமீடியா ப்ராஜெக்ட். படம், ஒலி, எழுத்து, கொஞ்சம் வீடியோ, எல்லாம் சேர்ந்த ஒரு வலைப்பக்கம். திறந்தால் ஒரு லிஃப்ட் கதவு தெரியும், பக்கத்தில் மாடி எண்கள். எண்ணை அமுக்கினால் கதவு மூடும், ஏறுகிற சத்தம் கேட்கும், அந்த மாடி திறக்கும். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் வரும்.

லிஃப்ட் அம்மாவுடையது. அதாவது அம்மா ஓட்டுவது. ஏழு மாடிக் கட்டடம், மாடிக்கு இரண்டு மூன்று ஆபீஸ். கையால் இழுத்து மூடுகிற கம்பிக் கதவு இரண்டு உண்டு. இரண்டும் சரியாக மூடினால்தான் நகரும். அதனால் ஆள் இல்லாமல் அது ஓடாது. அப்பா இறந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக அம்மா அதற்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் அந்த ஸ்டூலிலிருந்து வந்ததுதான்.

குழுவில் மூன்று பேர். ஒருத்தன் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அவன் பெயரே ஹெட்ஃபோன். இன்னொருத்தி எதற்கும் பட்டியல் போடுவாள். சாப்பிடப் போவதற்குக்கூட. அவள் பட்டியல். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'பயம்'. "பயம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் என்னைத்தான் தேடுகிறார்கள். தப்புச் சொல்ல முடியாது. பல்லியிலிருந்து பரீட்சை வரை எனக்கு எல்லாமே பயம்தான்.

இப்போதைக்கு ஒரே பயம்: பிப்ரவரி 24 அன்று எல்லோர் முன்னாலும் நின்று பேசவேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

முதல் ஒலிப்பதிவு. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை லிஃப்டுக்குள்ளேயே ஏறி இறங்கினோம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் தேதி, மாடி, டேக் எண்ணை வாயால் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும், இல்லையென்றால் எடிட்டிங்கில் எது எதுவென்று தெரியாது. "ஜனவரி பதிமூணு, நாலுலேர்ந்து அஞ்சு, டேக் ஒண்ணு" என்று நான் சொல்ல, பட்டியல் குறித்துக்கொண்டாள். மூன்றாம் மாடிப் பல் டாக்டரிடம் வந்த ஒரு ஆள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "என்னம்மா, லிஃப்டுக்கே ஈசிஜி எடுக்கறீங்களா?" என்றார்.

அம்மாவின் வேலைக் குரலை இன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். வீட்டில் பேசுகிற குரலே இல்லை அது. கதவை மூடுமுன் "கை பத்திரம்" என்கிறாள். திறந்ததும் "பார்த்து இறங்குங்க." ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். "மூச்ச எண்ணுவாங்களாடி யாராவது?" என்றாள்.

உள்ளே ஒரு அட்டை மாட்டியிருக்கிறது. மெக்கானிக் மாதாமாதம் வந்து மேலே மெஷின் ரூமில் ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டிய அட்டை. ஹெட்ஃபோன் அதையும் படம் எடுத்தான். வலைப்பக்கத்தில் ஒரு மூலையில் வைக்கலாம், பழைய எழுத்து அழகாக இருக்கிறது என்றான்.

ஜனவரி 20

இரண்டாவது பதிவு. ஐந்தாம் மாடியில் யூனிஃபார்ம் தைக்கிற இடம், அங்கே தையல் மெஷின் எல்லாம் சேர்ந்து ஓடும்போது மைக் திணறிவிட்டது. தையற்கார அக்கா பேட்டி கொடுத்தார். எல்லாக் கேள்விக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றே பதில். அதையே வெட்டிக் கோத்தால் நன்றாக வரும் போலிருக்கிறது.

ஜனவரி 27

மூன்றாவது பதிவு. ஏழு மாடியும் முடிந்தது. பட்டியல் தன் நோட்டில் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டு, ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

ஜனவரி 28

ஒட்டவில்லை.

நாலிலிருந்து ஐந்துக்கு ஏறும் சத்தம் ஒன்று முழுசாக வேண்டும். பதிமூன்றாம் தேதி எடுத்ததில் நடுவில் யாரோ இருமிவிட்டார்கள். அதனால் அந்த இடத்தை வெட்டி, இருபதாம் தேதி எடுத்ததை ஒட்டினேன். ஒரே லிஃப்ட், ஒரே தூரம், ஒரே வேகம். ஒட்டு தெரியவே கூடாது. ஆனால் தெரிந்தது. என் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கூப்பிட்டேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல ஒரு 'டக்' இருக்கு. அதுல ரெண்டு" என்றான்.

பதிமூன்றாம் தேதி: ஒன்று. மெலிசாக, இருமலுக்குக் கீழே.
இருபது: இரண்டு.
நேற்று எடுத்தது: மூன்று.

எல்லாம் ஒரே இடத்தில். கம்பிக் கதவு மூடிப் பதினோராவது விநாடி, நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில். இறங்கும்போதும் அதே இடத்தில். வேறு எங்குமே இல்லை. எல்லா டேக்கையும் கேட்டுப் பார்த்தோம்.

"யாராவது சாவிக்கொத்து வெச்சிருப்பாங்க" என்றாள் பட்டியல்.

மூன்று வாரமும், அதே இடத்தில், வாரம் ஒன்று கூடிக்கொண்டே போகிற சாவிக்கொத்தா? மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன்.

ஜனவரி 29

தனியாகப் போய் ஏறினேன். கேட்டேன். திரும்பி வரும்போது படியில் இறங்கினேன்.

ஜனவரி 31, சனி

அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன், "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல" என்று ஆரம்பிப்பதற்குள்ளேயே, "அந்த டக்-கா?" என்றாள்.

அவளுக்குத் தெரியும். போன மாதத்திலிருந்தே தெரியும். கட்டட மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அவர் முதல் தடவை, பழைய வண்டி அப்படித்தான் என்றாராம். இரண்டாவது தடவை கதவைச் சாத்திவிட்டுப் பேசினாராம். "இத நிறுத்தினா ரிப்பேர் பண்ண மாட்டாங்கம்மா, கழட்டிட்டுப் புதுசுதான் போடுவாங்க. புதுசுல கதவு தானா மூடும். ஆள் வேண்டாம். யோசிச்சுக்குங்க."

அம்மா யோசித்துவிட்டாள். யோசித்து வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா, அதுக்குள்ள உக்காந்திருக்கறது நீ."

"ஒன்பது வருஷமா உக்காந்திருக்கேன். உன் படிப்பு முடியற வரைக்கும் ஓடும். அப்புறம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்." மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். "உன் படத்துல அந்தச் சத்தம் வருதா?"

வருது என்றேன்.

"எடுத்துடு. மேனேஜர் பாத்தா நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நினைப்பாரு. தேவையில்லாத வம்பு."

அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்த மாதிரித் தெரியவே இல்லை. அவள் எப்போதுமே அப்படித்தான். வீட்டில் பயத்துக்கு நான் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

பிப்ரவரி 3

எடுத்தாயிற்று. ஹெட்ஃபோனிடம் 'அம்மா எடுக்கச் சொன்னா' என்று மட்டும் சொன்னேன். அவன் செய்தான். அழிக்க வேண்டிய சத்தத்தின் துண்டு ஒன்றை முதலில் வெட்டி எடிட்டிங் மெஷினுக்குக் காட்டவேண்டும்: இதுதான் அழுக்கு, இதைத் தேடித் துடை என்று. காட்டினான். துடைத்தது. நாலிலிருந்து ஐந்து இப்போது தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

மேடம் முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு, "ஒலி ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். ஹெட்ஃபோன் தலையைக் குனிந்துகொண்டான். நான் தேங்க்ஸ் மேடம் என்றேன். நானா அது?

பிப்ரவரி 5

அம்மாவுக்கு இன்று நாலு தடவை போன் செய்தேன். அவள் போன் கீழே வாட்ச்மேன் டிராயரில் இருக்கும், வேலை நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேன் எடுத்தார். "அம்மா ஆறாவதுல இருக்காங்க." "அம்மா ரெண்டாவதுல." நாலாவது தடவை, "பாப்பா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்.

இல்லை. வேற வேலையே இல்லை.

பிப்ரவரி 7

பக்கத்து வீட்டுக் கதவு அறைந்து சாத்தியது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு உட்கார்ந்து எண்ணினேன்: வாரம் ஒன்று கூடுகிறது என்றால் இப்போது நாலு. எட்டு வாரத்தில்? எதுவரை போகும்? எத்தனையாவதில் என்ன ஆகும்? யாரைக் கேட்பது? யாரிடம் கேட்டாலும் அது மேனேஜர் காதுக்குப் போகும், அம்மா வேலை போகும். கேட்காவிட்டால்—

எழுதக்கூடக் கை வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தாங்க முடியாமல் சின்ன ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். அம்மா "என்ன, காலேஜ் இல்லையா?" என்றாள். ஏழாம் மாடியில் ஒரு படம் விட்டுப்போச்சு என்று புளுகினேன். வெளியே வந்து, படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

ஐந்து.

அதற்குமேல் யோசிக்கவில்லை. அட்டையில் இருந்த மெக்கானிக் நம்பருக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை தப்பு நம்பர். மூன்றாவது தடவை அவரே எடுத்தார். பெயர் சொல்லவில்லை, அந்தக் கட்டடத்துக்கு வந்து போகிற ஆள் என்றேன். சத்தத்தைச் சொன்னேன்.

"அது பழைய லிஃப்டும்மா. அந்தச் சத்தம் என்னைக்கும் இருக்கறதுதான்."

"இல்ல சார். ஜனவரியில ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப அஞ்சு."

"யாரு எண்ணினா?"

"பதிவு இருக்கு சார். தேதியோட."

"கொண்டாம்மா, கேக்கறேன்" என்றார். குரல் மாறியிருந்தது. நம்பினாரா, என் வாயை அடைக்கப் பார்க்கிறாரா?

பிப்ரவரி 11

பதிவு இல்லை.

காலையில் லேபுக்கு ஓடினேன். ஜனவரிப் பதிவுகளைத் திறந்தால், எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஒரு 'டக்' இல்லை. ஹெட்ஃபோன் சுத்தம் செய்ததை வேறு பெயரில் சேமிக்காமல் அதே பெயரில், அசலின் மேலேயே சேமித்திருக்கிறான். மெஷினில் இடமில்லை என்று. முதல் வருஷத்திலிருந்து மேடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது அந்த ஒன்றைத்தான்: அசலைத் தொடாதே, அசலைத் தொடாதே. ரெக்கார்டர் கார்டை? அதை நான்தான் அழித்தேன், நேற்று ரெக்கார்ட் பண்ண இடம் வேண்டுமென்று. ஆக ரெண்டு பேரும் சேர்ந்து.

அவனைத் திட்டினேன். பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை. எடுக்கச் சொன்னவள் நான், எடுத்துவிட்டான் என்று திட்டுகிறவளும் நான்.

கையில் இருப்பது நேற்று எடுத்த ஐந்து மட்டும்தான். ஐந்தை வைத்து என்ன செய்ய? 'என்னைக்கும் இருக்கறதுதான்' என்று சொன்னால் முடிந்தது. கூடியிருக்கிறது என்று காட்டினால்தானே நம்புவார்கள். நம்புவதற்கு இருந்த ஒன்றையும் நானே துடைத்துவிட்டேன். ஏதாவது ஆனால் அம்மாவை நான்தான்—

சே. என்ன எழுத்து இது. எழுதாதே.

அதே நாள், மாலை

பட்டியல் பட்டியல்தான். ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நாற்பதாவதோ என்னவோ, 'குப்பை' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே மூன்று ஃபைல். தேதிதான் பெயர்.

ஹெட்ஃபோன் எழுந்து நின்றுவிட்டான். மெஷினுக்கு 'இதுதான் அழுக்கு' என்று காட்ட வெட்டியெடுத்த துண்டுகள். வேலை முடிந்ததும் அழிக்க மறந்திருக்கிறான். ஒவ்வொன்றும் நாலு விநாடி. ஜனவரி 13. ஜனவரி 20. ஜனவரி 27.

வரிசையாகப் போட்டோம். டக். டக் டக். டக் டக் டக். கடைசியில் நேற்று எடுத்ததைச் சேர்த்தோம். அழகான வேலை எல்லாம் போய், எங்களிடம் மிச்சம் இருந்தது அந்தக் குப்பைதான். பட்டியல் என் தோளில் கை வைத்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்று அட்டைப் படத்தைப் பெரிதாக்கினாள். ஜனவரி 13 எடுத்த படம். அதில் பிப்ரவரிக் கட்டத்திலும் மார்ச் கட்டத்திலும் கையெழுத்து போட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. மேலே ஏறாமலேயே மொத்தமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அழகாக இருக்கிறது என்று அதை வலைப்பக்கத்தில் வைத்திருந்தோம். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று பேரில் ஒருத்தரும் படிக்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மெக்கானிக் கடை காலேஜிலிருந்து பஸ்ஸில் நாலு நிறுத்தம். கடை என்றால் ஷட்டர் போட்ட ஒரு அறை, சுவரெல்லாம் மோட்டார். நாற்பது வயசு இருக்கும் அவருக்கு. எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, "போன்ல நீயா?" என்று பட்டியலைக் கேட்டார். நான் என்றேன். நம்பாத மாதிரிப் பார்த்தார்.

ஹெட்ஃபோன் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். அவன் காதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் கேட்டார். மறுபடி போடு என்றார். மறுபடி. கதவு மூடி எத்தனை விநாடி என்று கேட்டார், பதினொன்று என்றேன். இறங்கும்போது? அதே இடம். விரலை மடக்கி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். அவர் நெற்றியில் வியர்வை வந்ததைப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவர் ஒருத்தர் பயந்தால் அது வேறு மாதிரிப் பயம்.

பட்டியல் சும்மா இருக்காமல் அட்டைப் படத்தையும் நீட்டினாள். கோபப்படப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் படத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"லிஃப்ட்ல இப்ப யாரு இருக்கா?"

"எங்கம்மா."

பையைத் தூக்கிக்கொண்டு ஷட்டரை இழுத்துவிட்டார். பாதிதான் இறங்கியது, அப்படியே விட்டார்.

அவருடைய வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. ஒரு சிக்னலில் அவர் பின்னால் திரும்பாமலே, "நாலு ரோப் இருக்கும்மா. ஒண்ணு போனாலும் மீதி தாங்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "தாங்கணும்" என்றார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

உள்ளே ஓடினபோது லிஃப்ட் மேலே இருந்தது. கதவுக்கு மேல் ஒரு முள் இருக்கிறது, எந்த மாடி என்று காட்ட. ஏழில் நின்றது. பிறகு நகர்ந்தது. ஆறு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினேன், சாப்பாட்டு நேரம், கூட்டம் இரைச்சலாக இருந்தது, கேட்டிருக்காது. ஐந்து. முள் ஐந்திலிருந்து நாலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பதிவில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அது முடியவே இல்லை. கீழே நின்றே கேட்டது. டக் டக் டக் டக் டக். கூடவே நீளமாக உரசுகிற சத்தம், புதுசாக.

நாலு. மூன்று. இரண்டு.

கதவைத் திறந்துகொண்டு அம்மா, "பார்த்து இறங்குங்க" என்றாள். ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். கடைசியில் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் மெக்கானிக்கைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோனது அவளுக்கு. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டூலிலிருந்து எழுந்தவள் தடுமாறி என்மேல் சாய்ந்தாள். அப்படியே பிடித்துக்கொண்டேன். உதறினாள்.

மெக்கானிக் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படியில் ஏறினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வரும்போது கையெல்லாம் கருப்பு கிரீஸ். ஒரு முழம் நீளத்துக்கு முறுக்குப் பிரிந்த கம்பியைக் கொண்டுவந்து அம்மாவின் ஸ்டூல்மேல் வைத்தார்.

"ஒரு ரோப் அறுந்து தொங்குது. அடுத்தது பாதி நாரா நிக்குது. அந்த உடைஞ்ச இடம் மேல சக்கரத்துல ஏறும்போதுதான் சத்தம்." அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "எட்டு மாசமா நான் மேல ஏறலம்மா. கீழயே கையெழுத்துப் போட்டேன். மன்னிச்சிடுங்க."

அம்மா கம்பியை எடுத்துத் தரையில் வைத்தாள். ஸ்டூலைத் துடைத்தாள்.

பிப்ரவரி 14

மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். "லிஃப்டே இல்ல, அப்புறம் உங்களுக்கு என்னம்மா வேலை?" அம்மா தன் சின்ன விசிறியையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு பத்தரைக்கே வீடு வந்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை பேசினாள். "எடுத்துடுன்னுதானே சொன்னேன்."

எடுத்தேம்மா. எடுக்க வெட்டின துண்டுதான் காட்டிக்கொடுத்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 18

சாப்பாடு வைக்கிறாள். என் துணியையும் துவைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. கதவுகிட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வெறுமனே.

அவள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கிறது. அடுத்த நிமிஷம், இனி எப்படி என்று ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பயம் போயிற்று என்று பார்த்தால், வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

ஹெட்ஃபோன் கேட்டான், சத்தத்தைத் திரும்பச் சேர்த்துவிடலாமா, குப்பையில்தான் இருக்கிறதே என்று. வேண்டாம் என்றேன். அம்மாவின் வேலைதான் போய்விட்டது, அவள் சொன்ன சொல்லாவது இருக்கட்டும்.

பிப்ரவரி 24

பேசினேன். ஆறு நிமிஷம். ஹெட்ஃபோன் பொத்தான்களை அமுக்கிக் காட்டினான், தையற்கார அக்காவின் "அதெல்லாம் ஒண்ணுமில்ல"வுக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாலுலேர்ந்து அஞ்சுக்குப் போறப்ப மட்டும் சத்தம் செத்துப்போன மாதிரி இருக்கே, ஏன்?"

முதல் தடவை சுத்தம் என்றவர்தான். துடைத்த இடத்தில் காற்றுச் சத்தம்கூடப் போய்விட்டது, பெரிய ஸ்பீக்கரில்தான் தெரிகிறது. "தெரியல மேடம்" என்றேன்.

நல்ல மார்க் வந்திருக்கிறது. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. ஆள் இருக்கிறாள், சொல்லவில்லை.

மார்ச் 5

"குழாய மூடு." அம்மா என்னிடம் பேசினாள். பத்தொன்பது நாள் கழித்து.

மார்ச் 9, திங்கள்

ஐந்தாம் மாடித் தையற்கார அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். பித்தான் தைக்கிற வேலை. "லிஃப்ட் இல்ல, அஞ்சு மாடி ஏறணும், முடியுமா?" என்று கேட்டாராம். அம்மா, "ஒன்பது வருஷமா ஏறிட்டுத்தானே இருந்தேன்" என்றாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

மார்ச் 14

அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

பழைய லிஃப்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கம்பிக் கதவு இரண்டையும் வாசலில் சாத்தி வைத்திருக்கிறார்களாம். அம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் படத்தக் காட்டு" என்றாள்.

போனைத் திறந்து கொடுத்தேன். லிஃப்ட் கதவு வந்தது. எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றையோ ஏழையோ அமுக்கவில்லை. ஐந்தை அமுக்கினாள்.

"கை பத்திரம்" என்றது அவள் குரல். கதவு மூடியது. ஏறியது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாலு தாண்டியதும் அவள் கை தானாக என் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. ஐந்து திறந்தது.

"இங்க சத்தம் வரணுமே."

"நீதானம்மா எடுக்கச் சொன்னே."

"சொன்னேன்." போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப போடு."

ஹெட்ஃபோனுக்குப் போன் செய்தேன். எதற்கு என்றுகூட அவன் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில், குப்பையில் கடைசியாகச் சேர்த்த பிப்ரவரித் துண்டை எடுத்துப் பதித்துவிட்டு, 'பாரு' என்று அனுப்பினான். ஐந்தும் இருந்தன.

அம்மா மறுபடி ஐந்தை அமுக்கினாள். நாலு தாண்டியதும் வந்தது. உதடு அசைய எண்ணினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. முடிந்ததும் மூச்சை விட்டாள்.

"பயமா இருக்கும்டி எனக்கு" என்றாள். "தெனமும். ஒவ்வொரு தடவையும். உள்ள இருக்கறவங்க பாத்துடுவாங்களேன்னு சுவத்தப் பாத்து உக்காந்துக்குவேன்."

என் ஒருத்திக்குத்தான் பயம் என்று நினைத்துக்கொண்டு இருபத்தொரு வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அவள் தோளில் சாய்ந்தேன். இந்தத் தடவை உதறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, கீழ இறக்கு" என்று போனை என்னிடம் கொடுத்தாள்.

பூஜ்யத்தை அமுக்கினேன். இறங்கும்போதும் அந்த இடத்தில் சத்தம் வந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு, கதவு திறந்து அவள் குரல் "பார்த்து இறங்குங்க" என்று சொல்கிறவரை உட்கார்ந்திருந்தோம்.